நாலாம் கொடையாளர்

என் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்துவிட்டது என்பான். தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரேக் மாஸ்டர்தான். எதிரே லாரி வந்தாலும் அசையாத ஆள், ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். அப்படிப்பட்டவன் எனக்காக மாதாமாதம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

நான் வேலை பார்ப்பது கடல்வாழ் உயிர்களை ஆராயும் ஒரு கூடத்தில். கடல் முள்ளெலி என்று ஒன்று உண்டு. கைப்பிடி அளவில், உடம்பெல்லாம் முள்ளாகப் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தம்பி அதற்கு வைத்த பெயர் முள்ளுப்பந்து. கடல் தண்ணீரில் கிருமிகளுக்குக் கணக்கே கிடையாது. அதிலேயே ஆயுசு முழுக்க ஊறிக் கிடக்கும் இந்தப் பிராணிக்குக் காயம் பட்டால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஒடிந்த முள் மறுபடி முளைத்துவிடும். ஒரு முறை வந்த நோயை ஞாபகம் வைத்திருந்து அடுத்த முறை எதிர்க்கும் ஏற்பாடு நமக்கு இருப்பதுபோல் அதற்கு இல்லை. பிறகு எதை வைத்துத்தான் சமாளிக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அதன் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் ஊசி ஏற்றி, உள்ளிருக்கும் நீரில் கொஞ்சம் எடுப்போம். மறுபடி தொட்டியில் விட்டால் சற்று நேரத்தில் கண்ணாடிச் சுவரில் ஏற ஆரம்பித்துவிடும். எடுத்த நீரைக் குழாய் குழாயாகப் பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் புரதத்தைவிடச் சின்னதாகச் சில துண்டுகள் மிஞ்சும். பெப்டைடு என்பார்கள். மணிகளைக் கோத்த குட்டைச் சரம் என்று நினைத்துக்கொள்ளலாம். கிருமி வளர்த்த தட்டில் ஒவ்வொன்றாகத் துளி வைத்துப் பார்ப்போம். வெகுகாலம் எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் தட்டைத் திறந்தால், ஒரே ஒரு துளியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல் வட்டமாக வெறுமை. ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அது. அன்றைக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடினேன். அந்தச் சரத்தில் எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்று கண்டுபிடித்து, அதையே செயற்கையாகக் கோத்து எடுக்க இன்னொரு வருஷம் போயிற்று.

கிருமியைக் கொல்வதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, நெருப்பும்தான் கொல்லும். நம் உடம்பைத் தொடாமல் கொல்ல வேண்டும். அதற்கான முதல் சோதனை மனித ரத்தத்தில். சிவப்பணுக்களோடு பெப்டைடைக் கலந்து வைத்து, பிறகு இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். அணுக்கள் உடைந்திருந்தால் மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். தெளிவாக நின்றால் பிழைத்தோம்.

"எனக்குக் கொஞ்சம் ரத்தம் வேணும்டா" என்றேன், ஒரு நாள் சாப்பிடும்போது.

"பொறந்ததுலேர்ந்து குடிச்சது பத்தலையா உனக்கு?" என்றான் தம்பி.

அவன் மனைவி சிரித்ததில் புரை ஏறிவிட்டது. "என்னுது எடுத்துக்கோங்க அண்ணி. இவர் ஊசியப் பாத்தா மயங்கிடுவாரு."

"உனக்கே ரத்தம் பத்தலைன்னு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு. நீ பேசாம சாப்பிடு" என்றான் அவன். "அக்காவுக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா? ரத்தபாசம்னு சும்மாவா சொன்னாங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டாவது மாடி, இரண்டு அறை, துணி காயப்போட மட்டுமே இடம் உள்ள ஒரு பால்கனி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணமாகாத நாத்தனாரைக் கூட வைத்துக்கொண்டால் வீடு விளங்காது என்று உறவுக்காரம்மா ஒருத்தி அவன் மனைவியிடம் ஓதியிருக்கிறாள். "பல்பு மாத்தினா விளங்கிட்டுப் போகுது" என்று பதில் சொல்லி அனுப்பியவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடியை உரசிப் பொருத்துவது அவள் வேலை. பொடி அப்பிய விரல்களோடு வந்து, முதல் வேலையாக என் கண்ணாடியைப் பிடுங்கித் துடைத்துக் கொடுப்பாள்.

ரத்தம் கொடுப்பவர்கள் ஆரோக்கியமானவர்களாக இருக்க வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது, எண்தான் வைக்க வேண்டும் என்பது விதி. தம்பிக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அதனால் அவன் நாலாம் கொடையாளர்.

"நாலாம் கொடையாளரா?" என்று அவன் மார்பை நிமிர்த்தினான். "கடையெழு வள்ளல்னு ஏழு பேரு இருந்தாங்கல்ல, அக்கா? எட்டாவது நான்தான். அவங்க தேரையும் போர்வையையும்தான் குடுத்தாங்க. நான் ரத்தத்தையே குடுக்கறேன்."

"அஞ்சு மில்லி" என்றேன்.

"அளவா முக்கியம்? மனசு."

சோதனை நன்றாகப் போயிற்று. மாதத்துக்கு மாதம் பெப்டைடின் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். தம்பியின் குழாய்களில் நீர் தெளிவாக நின்றது. பெப்டைடு ரத்தத்தில் எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, சிவப்பணுக்களை எடுத்தபின் மிஞ்சும் மஞ்சள் நீரைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்தேன். கிருமிகள் படியாதபடி, நோயாளிகளுக்குப் போடும் குழாய்களின் உட்புறத்தில் இதைப் பூசலாம் என்று எங்கள் கூடத்துக்குத் தலைவியான பேராசிரியை நம்பிக்கையோடு பேச ஆரம்பித்தார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டு போய், வண்டி பழக வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். கியர் மாற்றத் தெரியாதவர்களுக்குக்கூடக் கடல் முள்ளெலி என்றால் என்னவென்று தெரிந்தது.

அந்த நாளும் மற்ற நாள்களைப் போலத்தான் விடிந்தது. தம்பி வந்தான், கூடத்து நர்ஸம்மா ரத்தம் எடுத்தார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழாயை வாங்கி இயந்திரத்தில் வைத்துச் சுழலவிட்டு, நின்றதும் எடுத்தேன்.

ரத்தத்தைச் சுழற்றினால் அது மூன்றாகப் பிரியும். மேலே மஞ்சள் நீர். கீழே சிவப்பு. இரண்டுக்கும் நடுவில், பாலாடை மாதிரி மெல்லிசாக வெளுத்த ஒரு கோடு. அதுதான் வெள்ளை அணுக்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் அதை உறிஞ்சி எடுத்து எறிந்துவிட்டு சிவப்பை வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு அந்தக் கோடு உற்றுப் பார்க்காமலே தெரிந்தது. கோடே இல்லை, பட்டை. என் சுண்டுவிரல் நகத்தின் உயரத்துக்கு, சாம்பல் கலந்த வெள்ளையாக, சிவப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று மறுபடி சுழற்றினேன். அதே பட்டை. பக்கத்திலேயே இரண்டாம் கொடையாளரின் குழாய், அதே இயந்திரத்தில் அதே நேரம் சுழன்றது. அதில் கோடு நூல் போல இருந்தது. இரண்டையும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன மாதம் எப்படி இருந்தது? மெல்லிசாகத்தான் இருந்தது. இருந்ததா? எவ்வளவு யோசித்தும் என் கை உறிஞ்சி எறிந்ததுதான் ஞாபகம் வந்தது. கண் பார்த்தது வரவில்லை.

வெளியே நடைபாதையில் தம்பியின் குரல் கேட்டது. நர்ஸம்மாவிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான். "ரிவர்ஸ் எடுங்கம்மான்னு சொன்னா அந்தம்மா கண்ண மூடிட்டு எடுக்குது. கேட்டா, பின்னாடி பாக்கறதுக்கு பயமா இருக்குங்குது." நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கையுறையைக் கழற்றினேன். ஒரு கையுறை கிழிந்துவிட்டது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ரத்தம் பத்தலையா?" கையில் பாதி பிஸ்கட்டோடு எழுந்தான்.

"உனக்கு இப்பல்லாம் அசதியா இருக்காடா?"

"இருக்கு. கல்யாணம் ஆனவன் எவனுக்கு இல்ல?"

"விளையாடாத. காய்ச்சல் வருதா?"

அவன் நர்ஸம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சாயங்காலமானா லேசா கொதிக்கும். வெயில்ல சுத்தறதுதானேன்னு விட்டுட்டேன். ஏன்?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே."

"எனக்கு ரெண்டு மணிக்கு ஒரு ஸ்டூடண்ட் இருக்கு."

"வேண்டாம்னு போன் பண்ணிடு."

நான் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, அவன் போனை எடுத்துவிட்டான். ஆட்டோவில் போகும்போது, "உன் முள்ளுப்பந்துதான் ஏதாவது பண்ணிடுச்சா?" என்றான்.

"அது உன் உடம்புக்குள்ள போகவே இல்லையேடா. உன் ரத்தம்தான் அதுகிட்ட வந்துச்சு."

"ஆமால்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டான்.

ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேகமான வகை, வாரக் கணக்கில் முற்றக்கூடியது. போன மாதம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். நான் கேட்டதால் இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது என் கையைப் பிடித்து, "நீங்க பாத்ததனாலதான் இவ்வளவு சீக்கிரமா வந்திருக்கீங்க" என்றார். நல்ல மனுஷி. சீக்கிரம் வந்து என்ன கண்டோம்?

அதன் பிறகு ஆஸ்பத்திரிதான் எங்கள் வீடு. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நடுவில் ஒரு மாதம் தெளிந்தான். வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்று, கீழே யாரோ வண்டியை இடித்து நிறுத்தியதைப் பார்த்து, "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினான். அந்தக் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை அது எதையும் மதிக்கவில்லை.

படுக்கையில் ஒரு மத்தியானம் கேட்டான். "அக்கா, உன் பேப்பர்ல என் பேரு வருமா?"

"பேரு போடக் கூடாதுடா. கொடையாளர் நாலுன்னு வரும்."

"அது போதும். நான்தான்னு எனக்குத் தெரியும்ல." மூச்சு வாங்கியது. மனைவியின் பக்கம் திரும்பினான். "உனக்கும் தெரியும்ல? நாலு."

"தெரியும்" என்றாள் அவள். "கடைல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. காரியமெல்லாம் முடிந்து நான் கூடத்துக்குத் திரும்பிய அன்று, தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தேன். அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை.

சில வாரம் கழித்துப் பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் என் கட்டுரை இருந்தது. அதை எடுக்காமல், அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"நாலை எடுத்துடணும்" என்றேன் நானே.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரோக்கியமானவங்கன்னு எழுதிக் குடுத்திருக்கோம். எந்த மாசத்துலேர்ந்து நோய் இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு மாசத்தை வெச்சுக்கிட்டு இன்னொரு மாசத்தை எடுக்க முடியாது. மொத்தமா எடுத்தாகணும். மிச்சம் இருக்கற மாதிரிகளையும் அழிச்சிடச் சொல்லி நெறிமுறைக் குழு எழுதியிருக்கு."

"சரி மேடம்."

"வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே செய்யறேன்."

வேறு ஒருவரைச் சேர்த்து, எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தேன். முடிவுகள் அப்படியே வந்தன. கடைசிப் புள்ளி வரைக்கும் தம்பியின் ரத்தம் சொன்னதையேதான் புதியவரின் ரத்தமும் சொன்னது. அவனுடைய சிவப்பணுக்களில் ஒரு குறையும் இல்லை, சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் விதி விதிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். புதிய எண்களைத் தட்டச்சு செய்து, நாலு இருந்த இடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். புதியவருக்கு ஐந்து என்று எண் வைத்திருந்தேன். மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தால் படிக்கிறவர்கள் கேட்பார்கள் என்று, ஐந்தை நாலாக மாற்றச் சொன்னார்கள்.

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவன் மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டுரை வந்ததும் காட்டச் சொல்லிக் கேட்பாள். கடையில் இருப்பவர்களுக்கும் காட்டுவாள். நாலு என்று இருப்பதைப் பார்த்து விரலை வைத்துத் தடவுவாள். அந்த நாலு வேறு யாரோ ஒருவர். பொய்யைத் தடவ விடக் கூடாது.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தி நின்றது.

"அப்போ அவர் குடுத்தது?"

"கணக்குல வராது."

"எதுவுமே?"

"எதுவுமே."

"ஊசின்னா அவருக்கு எவ்ளோ பயம்னு உங்களுக்குத் தெரியும்ல, அண்ணி?" குரல் உயரவே இல்லை. "முந்தின நாளே சாப்பாடு இறங்காது அவருக்கு. உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அதெல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சா?"

அது எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பது வரைதான் தெரியும். முந்தின ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"செத்ததுக்கு அப்புறம்கூட அவர ஃபெயில் பண்ணிட்டீங்கல்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போனாள்.

அதன் பிறகு பல நாள் பேச்சு அற்றுப்போயிற்று. சாப்பாடு மூடி வைத்திருக்கும், துணி மடித்து வைத்திருக்கும், பேச்சு இருக்காது. என் கண்ணாடியை நானே துடைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"அழிக்கணும்னு சொன்னீங்களே. அழிச்சாச்சா?"

"இல்ல. இந்த வாரம்தான்."

"நான் பாக்கலாமா?"

பேராசிரியையிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் அவள் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். நல்ல புடவை ஒன்று கட்டியிருந்தாள். வெள்ளைக் கோட்டு கொடுத்தேன், கையுறை மாட்டிவிட்டேன். அவள் விரல்கள் என்னுடையவற்றைவிடச் சின்னவை, கையுறை நுனியில் தொங்கியது. ஆழ்குளிர்ப் பெட்டியைத் திறந்ததும் வெண்புகை தரையில் இறங்கியது. உள்ளிருந்து தட்டை எடுத்தேன். சுண்டுவிரலில் பாதி அளவுக் குப்பிகள், மூடியில் என் கையெழுத்தில் நாலு, நாலு, நாலு. எல்லாம் சேர்ந்து ஒரு டம்ளருக்குக்கூட வராது.

ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "ரொம்ப நேரம் வெச்சிருக்காத, கை மரத்துடும்."

"இது அவரா?"

"அவனோட ரத்தத்துல இருந்த தண்ணி."

அவள் கையை மூடிக்கொண்டாள். கை மரத்துவிடும் என்று நான் மறுபடி சொல்லவில்லை. குப்பியின் மேல் இருந்த பனி உருகி, கையுறையின் மடிப்பில் நீர் இறங்கியது. திறந்தபோது உள்ளே இருந்தது இளகி மஞ்சளாகியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று கடையில் பார்க்கிற அதே பார்வை.

"தெளிவா இருக்கு, அண்ணி."

"ஆமா."

"இது எந்த மாசத்துது?"

மூடியின் பக்கத்தில் இருந்த தேதியைப் படித்துச் சொன்னேன். அவள் விரல் மடக்கி யோசித்தாள். "அப்போ நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு நாலு நாள் பேசாம இருந்தோம். ஒண்ணும் இல்லாத விஷயம். ஃபேனை யாரு நிறுத்தறதுன்னு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், வீட்டில் கூட்டத்தின் நடுவே அழாதவள், கையுறை போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி அழுதாள். நான் என் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைத் துடைத்தேன்.

நீராவியில் வேகவைத்து அழிக்கும் பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன் மாதிரி. பையில் போட்டுக் கட்டி அதில் வைத்தேன். அவள் கையில் இருந்ததை அவளே போட்டாள். மூடியைத் திருகினேன். முடிய நேரமாகும், போகலாம் என்றேன்.

"இருக்கட்டும். முடியட்டும்" என்றாள். இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். நடுவில் நர்ஸம்மா வந்து எட்டிப் பார்த்து, இரண்டு டீ கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். உள்ளே குடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கட்டுரை அடுத்த கோடையில் வந்தது. குழாய்களில் பூசிப் பார்க்கும் வேலையை வேறு ஒரு கூடம் எடுத்துக்கொண்டிருக்கிறது; இதுவரை கிருமி படியவில்லை என்கிறார்கள். மருந்துக் கடைக்கு வருமா, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் வரலாம்.

அவன் மனைவி கட்டுரையைக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது பேசுகிறோம். கடையில் நடந்ததை அவள் சொல்வாள், தொட்டியில் நடந்ததை நான் சொல்வேன். போன வாரம் ஒரு பெரியவர் பார்வை தெரியவில்லை என்று புதுக் கண்ணாடி கேட்டு வந்தாராம். பழையதை வாங்கித் துடைத்துக் கொடுத்தாளாம். பார்வை வந்துவிட்டதாம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், இதைக் கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் மேசையைத் துடைத்தேன்.